பிரசவ அறையில் வாங்கிய கையெழுத்து

கேள்வி:

மகப்பேறு பிரிவில் பயிற்சி மருத்துவராக இருக்கிறேன். சென்ற மாதம் ஒரு பெண் இரண்டாவது சிசேரியனுக்காக வந்தார். வலி ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போவதற்குச் சற்று முன், கருத்தடை ஆபரேஷனுக்கும் சேர்த்து அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். கணவரும் போட்டார். மறுநாள் காலை அந்தப் பெண் என்னிடம், "டாக்டர், அதைத் திரும்பச் சரிபண்ண முடியுமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. சீனியரிடம் சொன்னபோது, "படிவத்தில் கையெழுத்து இருக்கிறது. மூன்றாவது சிசேரியன் ஆபத்து. நல்லதுதான் செய்தோம்" என்றார்.

அதே வாரம் 27 வயதுப் பெண் ஒருவர் தானாக வந்து, "ஒரு குழந்தை போதும், எனக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடுங்கள்" என்று கேட்டார். "சின்ன வயசு, பின்னாடி வருத்தப்படுவே, கணவரைக் கூட்டிட்டு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கிறதே என்று கேட்டேன். "பெண்ணியத்தை வார்டுக்குள் கொண்டுவராதே" என்று பதில் வந்தது. மருத்துவ அறத்துக்கு நான்கு கொள்கைகள் என்று படித்திருக்கிறோம். பெண்ணியத்துக்கு அதில் இடம் உண்டா, இல்லை அது வெளியிலிருந்து வரும் அரசியல்தானா? நான் இப்போது என்ன செய்ய வேண்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத பயிற்சி மருத்துவர்

பதில்:

அன்புள்ள டாக்டர்,

இரண்டு பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டீர்கள் பாருங்கள், உங்கள் கேள்விக்கான பாதி விடை அதிலேயே இருக்கிறது. தனித்தனியாக எடுத்தால் இரண்டு முடிவுக்கும் நியாயம் சொல்லிவிடலாம். முதல் பெண்ணுக்குத் தன்னுரிமை: அவரே கையெழுத்துப் போட்டார். இரண்டாவது பெண்ணுக்கு நன்மை: பிற்காலத்தில் வருந்தாமல் காப்பாற்றுகிறோம். இந்த இரண்டு நியாயத்தையும் இடம் மாற்றிப் பாருங்கள். அவசரத்தில், வலியில் போட்ட கையெழுத்து வருத்தத்தில் முடியலாம் என்ற கவலை முதல் பெண்ணுக்குத்தான் அதிகம் பொருந்தும். நிதானமாக யோசித்துத் தானே நடந்துவந்து கேட்டார் என்ற தன்னுரிமை வாதம் இரண்டாவது பெண்ணுக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் இரண்டும் தலைகீழாகப் பயன்பட்டிருக்கின்றன. இரண்டு பெண்களும் சொன்னது 'சரி'தான். டாக்டரின் கருத்தோடு ஒத்துப்போன 'சரி' செல்லுபடியானது, ஒத்துப்போகாத 'சரி' திரும்பிப் போனது. அப்படியானால் தீர்மானித்தது யார்? பெண்ணியவாதிகள் மருத்துவ அறத்திடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நீங்களும் அதைத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் சீனியருக்கும் நியாயமாக இருக்க வேண்டும். மூன்றாவது சிசேரியன் ஆபத்து என்று அவர் சொன்னது பொய்யில்லை. ஒவ்வொரு சிசேரியனுக்குப் பிறகும் நச்சுக்கொடி பழைய தழும்புக்குள் புதைந்து வளரும் வாய்ப்பு கூடுகிறது. அதனால் வரும் ரத்தப்போக்கில் தாயை இழந்த ஒரு டாக்டர், அடுத்த தடவை முன்கூட்டியே எல்லாவற்றையும் அடைத்துவிடத்தான் நினைப்பார். ஆனால் அந்த ஆபத்து அன்று தியேட்டரில் இல்லை. அடுத்த கர்ப்பம் வந்தால், அதுவும் இன்னும் சில மாதங்களோ வருடங்களோ கழித்து, வரக்கூடிய ஆபத்து அது. இடையில் காப்பர் டி இருக்கிறது, கைக்குள் வைக்கும் இம்ப்ளான்ட் இருக்கிறது, கணவருக்கு வாசெக்டமி என்ற ஆண் கருத்தடை ஆபரேஷன் இருக்கிறது. இவற்றில் ஒன்றையாவது அந்தப் பெண்ணிடம் யாராவது சொன்னார்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. சொல்லியிருந்தால் நீங்கள் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இதே நிலைமை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. ஸ்லோவாக்கியாவில் 2000ஆம் ஆண்டு, ஐரோப்பாவின் சிறுபான்மையினரான ரோமா இனத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு இரண்டாவது சிசேரியன். பிரசவ வலி உச்சத்தில் இருந்தபோது, இன்னொரு குழந்தை பெற்றால் நீயோ குழந்தையோ செத்துப்போவீர்கள் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக் கருக்குழாய்களை அடைத்துவிட்டார்கள். மருத்துவமனை அந்தக் கையெழுத்தைத்தான் காட்டியது. 2011இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கருத்தடை ஆபரேஷன் உயிர் காக்கும் அவசரச் சிகிச்சை ஆகாது, யோசிக்க நேரம் கொடுக்காமல் வலியில் வாங்கிய ஒப்புதல் ஒப்புதலே ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். மனிதரை இழிவாக நடத்துவதற்கு எதிரான பிரிவே மீறப்பட்டது என்று சொன்னார்கள். அந்தப் பெண்ணின் கேஸ் ஷீட்டும் உங்கள் வார்டின் கேஸ் ஷீட்டும் கிட்டத்தட்ட ஒன்று. சீனியரிடம் இதை மட்டும் காட்டினால்கூடப் போதும்.

ஹங்கேரி வழக்கு இதைவிட மோசம். 2001 ஜனவரியில் கருவிலேயே குழந்தை இறந்து, ரத்தப்போக்கோடு வந்த ஒரு ரோமா பெண். ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்த 17 நிமிடத்துக்குள் சிசேரியனும் முடிந்தது, கருத்தடையும் முடிந்தது. அவர் கையெழுத்துப் போட்ட படிவத்தில் கருத்தடை பற்றிய வரியை டாக்டர் கையால், லத்தீன் சொல்லோடு எழுதியிருந்தார். அடுத்த குழந்தைக்கு எப்போது முயற்சி செய்யலாம் என்று வீடு திரும்பும் முன் டாக்டரிடம் கேட்டபோதுதான் அந்தச் சொல்லின் பொருள் அவருக்குத் தெரிந்தது. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. குழு 2006இல் ஹங்கேரி அரசைக் குற்றவாளியாக்கியது. உங்கள் நோயாளி மறுநாள் காலை கேட்ட கேள்வியோடு இதைச் சேர்த்துப் படியுங்கள்.

சரி, பெண்ணியம் வெளியிலிருந்து வரும் அரசியலா என்ற கேள்விக்கு வருகிறேன்.

நீங்கள் படித்த நான்கு கொள்கைகளை, அதாவது தன்னுரிமை, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி ஆகியவற்றை இந்த வடிவில் 1979இல் பீச்சம்ப், சில்ட்ரெஸ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் தொகுத்தார்கள். நல்ல கருவிதான், நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதைக் கையாளும் விதத்தில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. நோயாளி என்றால் படித்த, உடல் நலமாக இருக்கும், யாரையும் நம்பியிராத, டாக்டருக்குச் சமமாக எதிரில் உட்கார்ந்து பேசக்கூடிய ஓர் ஆள் என்ற கற்பனை அது. அந்த ஆளிடம் தகவலைச் சொல்லிக் கையெழுத்து வாங்கினால் தன்னுரிமை நிறைவேறிவிடும். வார்டில் அப்படிப்பட்ட ஆளை நீங்கள் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? வலியில் படுத்திருப்பவர், பக்கத்தில் நிற்கும் கணவரை அனுசரித்துப் போக வேண்டியவர், நாளைக்கும் இதே டாக்டரிடம்தான் வர வேண்டும் என்று தெரிந்தவர், இவர்கள்தான் நம் நோயாளிகள்.

கனடா நாட்டுத் தத்துவ அறிஞர் சூசன் ஷெர்வின் உள்ளிட்ட பெண்ணியச் சிந்தனையாளர்கள் 1990களில் இந்த இடத்தைத்தான் பிடித்தார்கள். தன்னுரிமையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை அவர்கள். அது மனிதரின் தலைக்குள் தனியாக உட்கார்ந்திருக்கும் பொருள் மாதிரி பேசாதீர்கள், சுற்றியிருக்கும் உறவுகளும் அதிகாரமும்தான் அதை வளர்க்கின்றன அல்லது நசுக்குகின்றன என்றார்கள். உறவுசார் தன்னுரிமை என்று இதற்குப் பெயர். நடைமுறையில் இதற்கு என்ன அர்த்தம்? 'சரி' என்ற சொல் வந்ததா என்பதோடு நிற்காமல், 'வேண்டாம்' என்று சொல்லியிருந்தால் அவருக்கு என்ன நடந்திருக்கும் என்றும் கேட்க வேண்டும். டாக்டர் கோபித்திருப்பாரா? சிசேரியனே தள்ளிப்போய்விடும் என்று அவர் பயந்தாரா? கணவர் முன்னால் மறுத்துப் பேச முடியுமா? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரியாமல் வாங்கிய கையெழுத்து மருத்துவமனைக்குக் காப்பீடு, நோயாளிக்கு ஒன்றுமில்லை.

இதைச் சொன்னதும், அப்படியானால் குடும்பத்தையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டுமா என்று சிலர் பதறுவார்கள். வேண்டியதில்லை. நிறையப் பெண்கள் கணவரோடு, அம்மாவோடு, அக்காவோடு பேசித்தான் முடிவெடுக்க விரும்புகிறார்கள். அதற்கும் இடம் கொடுப்பதுதான் உறவுசார் தன்னுரிமை. யாரோடு பேசுவது என்பதை அந்தப் பெண் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால்தான் கருத்தடை பற்றிய பேச்சில் ஐந்து நிமிடமாவது அவரோடு தனியாக இருக்க வேண்டும் என்கிறேன். இந்திய உச்ச நீதிமன்றம் 2008இல் ஒரு வழக்கில் இதைத் தெளிவாக்கியது. பரிசோதனைக்காக லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றுக்குள் சிறு குழாய்க் கேமரா விட்டுப் பார்ப்பது, செய்யச் சம்மதித்த ஒரு பெண் மயக்கத்தில் இருக்கும்போது, வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, மயக்கம் தெளிந்து தானே முடிவெடுக்கக்கூடிய ஒருவருக்காக அவர் தாய்கூடச் சம்மதம் தர முடியாது என்றது நீதிமன்றம். பெற்ற தாய்க்கே அந்த உரிமை இல்லை எனும்போது, கணவரின் கையெழுத்து உங்கள் படிவத்தில் எந்த வேலையைச் செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

"பெண்ணியத்தை வார்டுக்குள் கொண்டுவராதே" என்றார்களே, அரசியல் நமக்கு முன்பே வார்டுக்குள் வந்து கட்டில் போட்டுப் படுத்துவிட்டது. நம் துறையின் கருவிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்புறுப்புப் பரிசோதனைக்கு நாம் பயன்படுத்தும் ஸ்பெகுலத்தில் பெயர் இருக்கிறதே, சிம்ஸ், அவர் 1840களில் அமெரிக்காவின் அலபாமாவில் ஃபிஸ்டுலாவுக்கான (பிரசவத்தில் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே விழும் துளை) அறுவை சிகிச்சையைக் கண்டுபிடித்தது அடிமைப் பெண்களின் உடம்பில் திரும்பத் திரும்ப, மயக்க மருந்து இல்லாமல் செய்த பரிசோதனைகளால். அனார்ச்சா, லூசி, பெட்சி என்று மூன்று பேரின் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அவர்களில் யாருக்காவது 'வேண்டாம்' சொல்லும் உரிமை இருந்ததா? நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் இருந்த சிம்ஸின் சிலையை 2018இல்தான் அகற்றினார்கள்.

கருத்தடை மாத்திரையின் கதையும் அப்படித்தான். பெண் விடுதலையின் அடையாளம் என்று கொண்டாடுகிறோம், எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 1956இல் அதன் பெரிய பரிசோதனை நடந்தது போர்ட்டோ ரிக்கோவின் ஏழைக் குடியிருப்பில். கர்ப்பம் தங்காது என்று சொன்னார்கள், இது இன்னும் பரிசோதனையில் இருக்கும் மருந்து என்று சொல்லவில்லை. இன்றைய மாத்திரையைவிடப் பல மடங்கு அதிக அளவு ஹார்மோன். பக்கவிளைவு அதிகமாக இருக்கிறது, எல்லோருக்கும் கொடுக்க ஏற்றதல்ல என்று அங்கே பொறுப்பில் இருந்த பெண் மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்ரே எழுதினார். மேலே இருந்தவர்கள் கண்டுகொள்ளவில்லை. 1970இல் அமெரிக்க செனட் இந்த மாத்திரையின் பாதுகாப்பு பற்றி விசாரித்தபோது, மாத்திரை சாப்பிட்ட ஒரு பெண்ணைக்கூடச் சாட்சி சொல்ல அழைக்கவில்லை என்று இளம் பெண்கள் எழுந்து சத்தம் போட்டார்கள். மாத்திரைப் பெட்டிக்குள் பக்கவிளைவுகளைச் சொல்லும் தாள் வந்தது அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான். இன்று நாம் பிரித்துப் பார்க்காமல் தூக்கிப் போடும் அந்தத் தாளை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தது பெண்ணியம்.

அப்புறம் கருத்தடை யாருடைய உடம்பில் நடக்கிறது என்ற கேள்வி. வாசெக்டமி சின்ன ஆபரேஷன். மரத்துப்போக ஓர் ஊசி போதும், வயிற்றைத் திறக்க வேண்டாம், சிக்கல்களும் குறைவு. அப்படியிருந்தும் ஐ.நா.வின் 2019ஆம் ஆண்டுக் கணக்குப்படி, பெண்களின் கருத்தடை ஆபரேஷனை நம்பியிருந்தவர்கள் உலகம் முழுக்கச் சுமார் 21.9 கோடிப் பேர். ஆண்களின் ஆபரேஷனை நம்பியிருந்தவர்கள் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆண்களுக்கான கருத்தடை ஊசியின் பரிசோதனை ஒன்று பக்கவிளைவுகளால் 2011இல் நிறுத்தப்பட்டதைச் சொல்லி, "பெண்கள் தாங்குவதை ஆண்களால் தாங்க முடியவில்லை" என்று கிண்டல் செய்வார்கள். அந்தக் கிண்டலில் எனக்கு உடன்பாடில்லை. அதை நிறுத்தியது பாதுகாப்பைக் கண்காணித்த குழு. பங்கேற்ற ஆண்களில் பெரும்பாலோர் தொடரத் தயாராகவே இருந்தார்கள். அந்தக் கறார் 1956இல் போர்ட்டோ ரிக்கோப் பெண்களுக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். உங்கள் வார்டிலும் கேட்டுப் பாருங்கள். கணவர் கையெழுத்துப் போட அங்கேயே நின்றிருக்கிறார். மூன்றாவது கர்ப்பம் அவர் மனைவிக்கு ஆபத்து என்றால், "உங்களுக்குச் செய்துவிடலாமா?" என்று அவரிடம் ஏன் யாரும் கேட்கவில்லை?

இனி இரண்டாவது பெண். இவர் விஷயத்தில்தான் பெண்ணிய மருத்துவ அறம் பாடப்புத்தகம்போல் வழவழப்பாக இல்லாமல் சிக்கலாகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பெரிய பொது மருத்துவமனை ஒன்றில் 1970களின் தொடக்கத்தில் மெக்சிகோ வம்சாவளிப் பெண்களுக்குப் பிரசவ வலியில் கையெழுத்து வாங்கிக் கருத்தடை செய்துகொண்டிருந்தார்கள். ஸ்பானிஷ் மட்டுமே தெரிந்தவர்களிடம் ஆங்கிலப் படிவம். அதை வெளியே கொண்டுவந்தவர் பெர்னார்ட் ரோசன்ஃபெல்ட், அங்கே பயிற்சியில் இருந்த ஓர் இளம் டாக்டர், உங்களைப் போலத்தான். அவர் சேகரித்த ஆதாரங்களை வைத்துப் பத்துப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். 1978இல் தோற்றுப்போனார்கள், எல்லாம் தகவல் பரிமாற்றக் கோளாறு என்று நீதிபதி முடித்துவிட்டார். ஆனால் வழக்கும் அதைச் சுற்றி எழுந்த போராட்டமும் விதிகளை மாற்றின. அரசு நிதியில் நடக்கும் கருத்தடை ஆபரேஷனுக்குச் சம்மதம் தந்தபின் 30 நாள் காத்திருக்க வேண்டும், பிரசவ வலியில் சம்மதம் வாங்கக் கூடாது என்று ஆனது.

அதன் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். அதே 30 நாள் விதி, தானே விரும்பிக் கருத்தடை கேட்கும் ஏழைப் பெண்களுக்குத் தடையாகிவிட்டது. பிரசவத்தோடு சேர்த்துச் செய்துகொள்ள நினைத்து, படிவத்தில் தேதி சரியில்லை என்று திரும்பி, வேண்டாத அடுத்த கர்ப்பத்தோடு வந்தவர்கள் உண்டு. தனியார் காப்பீடு வைத்திருக்கும் பெண்ணுக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது. ஒரு பெண்ணைக் காப்பாற்ற எழுதிய விதி இன்னொரு பெண்ணின் கையைக் கட்டுகிறது. இதைத் தளர்த்துவதா வைத்திருப்பதா என்று பெண்ணியவாதிகளுக்குள்ளேயே இன்னும் சண்டை நடக்கிறது. வாடகைத் தாய் விஷயத்திலும், கருவில் குறைபாடு கண்டறியும் சோதனைகள் விஷயத்திலும் இப்படித்தான். பெண்ணியம் என்றால் எல்லாக் கேள்விக்கும் ஒரே விடை வைத்திருக்கும் கட்சி என்று உங்கள் சீனியர் நினைத்துக்கொண்டிருந்தால், அவரை அந்தச் சண்டைகளில் ஒன்றையாவது படிக்கச் சொல்லுங்கள்.

27 வயதில் கருத்தடை செய்தால் வருத்தப்படுவார் என்ற கவலைக்கு ஆதாரமே இல்லையா என்றால், இருக்கிறது. அமெரிக்காவில் 11,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று 1999இல் வெளியானது. 30 வயதிலோ அதற்கு முன்போ ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 14 ஆண்டுகளுக்குள் வருத்தம் தெரிவித்தவர்கள் ஐந்தில் ஒருவர். 30க்கு மேல் செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு ஆறு பேர். இந்த எண்ணை அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும், மறைக்கக் கூடாது. ஆனால் சொல்லிவிட்டு முடிவை அவரிடம் விட வேண்டும். ஐந்தில் நான்கு பேர் வருந்தவில்லை என்பதும் அதே எண்தான். திருமணம், குழந்தை, வேலை என்று பெரியவர்கள் பிற்காலத்தில் வருந்தக்கூடிய எத்தனையோ முடிவுகளை எடுக்கிறார்கள். அங்கெல்லாம் டாக்டர் குறுக்கே நிற்பதில்லை. சீனியருக்கு உண்மையிலேயே வருத்தம் பற்றிக் கவலை என்றால், வலியில் கையெழுத்துப் போட்ட முதல் பெண்ணிடம் அந்தக் கவலை எங்கே போனது?

1994இல் சிகாகோவில் கூடிய கறுப்பினப் பெண்கள் சிலர் 'இனப்பெருக்க நீதி' என்ற கருத்தை உருவாக்கினார்கள். குழந்தை வேண்டாம் என்று இருக்க உரிமை, குழந்தை பெற்றுக்கொள்ள உரிமை, பெற்ற குழந்தையைப் பாதுகாப்பான சூழலில் வளர்க்க உரிமை, இவை மூன்றும் சேர்ந்துதான் ஓர் உரிமை என்றார்கள். கருக்கலைப்பு உரிமை பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்த வெள்ளை நடுத்தர வர்க்கப் பெண்களிடம், எங்கள் பாட்டிகளுக்குக் கேட்காமலே கருத்தடை செய்தவர்கள் நீங்கள் இருக்கும் இதே நாட்டில்தான் இருந்தார்கள் என்று நினைவூட்ட வேண்டியிருந்தது. உங்கள் இரண்டு நோயாளிகளும் இந்தக் கருத்துக்குள் சண்டையில்லாமல் சேர்ந்து நிற்பார்கள். ஒருவருக்குப் பெற்றுக்கொள்ளும் உரிமை போனது, இன்னொருவருக்குப் பெறாமல் இருக்கும் உரிமை போனது.

அரசுகளும் இந்த இரண்டையும் மாறி மாறிப் பறித்திருக்கின்றன. பெரு நாட்டில் 1990களின் பின்பாதியில் இலக்கு நிர்ணயித்து இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கருத்தடை செய்தார்கள். பலருக்கு உண்மையான சம்மதமே இல்லை, பெரும்பாலும் மலைப்பகுதிப் பழங்குடிப் பெண்கள். ருமேனியாவில் இதற்கு நேர்மாறு. மக்கள்தொகையைப் பெருக்க 1966இல் கருக்கலைப்பைத் தடைசெய்து, கருத்தடைச் சாதனங்களும் கிடைக்காமல் செய்தார்கள். திருட்டுத்தனமாகச் செய்துகொண்ட கருக்கலைப்பில் ஆயிரக்கணக்கான பெண்கள் செத்தார்கள். ஐரோப்பாவிலேயே மிக அதிகமான தாய்மரணம் அங்கேதான். 1989 டிசம்பரில் தடை நீங்கிய அடுத்த ஆண்டே தாய்மரண விகிதம் ஏறக்குறையப் பாதியானது.

நம் மொழியிலேயே இந்த வாதத்தின் வேர் இருக்கிறது. ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பு கருத்தடை பற்றி எழுதிய பெரியார், மற்றவர்கள் தாயின் உடல்நலத்துக்காகவும் நாட்டின் வறுமையைக் குறைக்கவும் அதை ஆதரிக்கிறார்கள், நாம் ஆதரிப்பது பெண் விடுதலைக்காக என்று பிரித்துச் சொன்னார். உங்கள் சீனியர் நிற்பது முதல் அணியில். உடல்நலம் என்ற காரணம் நல்ல காரணம்தான். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டால், எந்தப் பெண்ணுக்கு ஆபரேஷன் நல்லது, யாருக்குக் கெடுதல் என்று டாக்டரே பட்டியல் போட்டுக்கொள்ளலாம், பெண்ணைக் கேட்கவே தேவையில்லை. 1994இல் கெய்ரோவில் நடந்த ஐ.நா. மக்கள்தொகை மாநாட்டில் 179 நாடுகள், எத்தனை குழந்தை, எப்போது, எவ்வளவு இடைவெளியில் என்பதைத் தம்பதியரும் தனிநபர்களும் வற்புறுத்தல் இல்லாமல் முடிவு செய்வது அடிப்படை உரிமை என்று ஒத்துக்கொள்ள, பெரியார் எழுதி ஆறு பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது.

முதல் பெண்ணிடம் உண்மையைச் சொல்லுங்கள். "ஒன்றும் பண்ண முடியாது" என்றோ, "கவலைப்படாதீங்க, திரும்பச் சேர்த்துடலாம்" என்றோ சொல்ல வேண்டாம். ஆபரேஷன் குறிப்பை எடுத்துப் பாருங்கள். கருக்குழாயைக் கட்டி வெட்டினார்களா, கிளிப் போட்டார்களா, முழுவதும் அகற்றிவிட்டார்களா என்பதைப் பொறுத்து விடை மாறும். குழாய் மிச்சமிருந்தால் மறுஇணைப்பு சிலருக்குச் சாத்தியம், ஆனால் உறுதி கிடையாது. குழாய்களே இல்லையென்றால் ஐ.வி.எஃப். எனும் சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு ஒன்றுதான் வழி, அதுவும் எல்லோராலும் முடிகிற காரியமில்லை. அடுத்த கர்ப்பத்தில் இருக்கும் ஆபத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், அன்று சொல்லியிருக்க வேண்டிய பேச்சு அது. அவருடைய மருத்துவப் பதிவின் நகல் கேட்டுப் பெற வழி இருந்தால் தெரியப்படுத்துங்கள். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு. உங்கள் நியாயத்தை நிரூபிக்க அவரை வழக்கில் இழுக்காதீர்கள், ஒருமுறை அவரைக் கேட்காமல் முடிவெடுத்தது போதும். மறுநாள் காலை அவர் உங்களிடம் கேட்டது என்ன என்பதைத் தேதியோடு கேஸ் ஷீட்டில் எழுதி வையுங்கள்.

சீனியரிடம் பேசும்போது கொள்கைச் சண்டையாக ஆக்காதீர்கள், நடைமுறையாகப் பேசுங்கள். சர்வதேச மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பான ஃபிகோ 2011இலேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது: பிரசவ வலியிலோ, பிரசவம் முடிந்த கையோடோ, கருக்கலைப்புக்கு வந்த நேரத்திலோ கருத்தடைக்குச் சம்மதம் கேட்கக் கூடாது. கணவர் சம்மதத்தை நிபந்தனையாக்கவும் கூடாது. இது பெண்ணிய இயக்கத்தின் துண்டறிக்கை இல்லை, உங்கள் சீனியரின் துறை தனக்குத் தானே போட்டுக்கொண்ட விதி. கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும்போதே, 30 வாரத்துக்கு முன்பே, எல்லாக் கருத்தடை முறைகளையும் பற்றிப் பேசி, அவர் மொழியில் எழுதிய தாளைக் கொடுத்து, அவர் விருப்பத்தைப் பதிவு செய்யலாம் என்று யோசனை சொல்லுங்கள். ஆபரேஷன் நாளில் அதை உறுதிப்படுத்தினால் போதும், தியேட்டர் மேஜையில் படுத்தபிறகும் மனம் மாறலாம் என்றும் சொல்ல வேண்டும். இது பிடிபட்டுவிட்டால் இரண்டாவது பெண்ணைப் போன்றவர்களும் திரும்பிப் போக வேண்டியிருக்காது. பெரும்பாலான சீனியர்கள் குற்றச்சாட்டுக்கு மசிய மாட்டார்கள், வேலையைச் சுலபமாக்கும் யோசனைக்கு மசிவார்கள்.

அப்படியும் நகரவில்லை என்றால் மருத்துவமனை அறநெறிக் குழு இருக்கிறது. எழுத்தில் கொடுங்கள், ஒரு நோயாளியின் கதையாக இல்லாமல் வார்டின் நடைமுறையாகக் கொடுங்கள். நோயாளிகளின் பெயரோடு கேஸ் ஷீட்டைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள், அது வேறொரு அத்துமீறல். தனியாகப் போகவும் வேண்டாம். உங்கள் வார்டில் இதே உறுத்தலோடு ஒரு செவிலியராவது இருப்பார், உங்களைவிட அதிக வருடம் இதைப் பார்த்திருப்பார்.

கணவரைக் கூட்டி வரச் சொன்னது சட்டமா, பழக்கமா என்று உங்கள் நாட்டு விதியைத் தேடிப் பாருங்கள். ஜப்பான் போன்ற சில இடங்களில் சட்டத்திலேயே கணவர் சம்மதம் இருக்கிறது, ஆனால் பல இடங்களில் சட்டம் கேட்காததை மருத்துவமனைப் படிவம் கேட்டுக்கொண்டிருக்கிறது. பழக்கம்தான் என்று தெரிந்தால், அந்த 27 வயதுப் பெண்ணை மறு ஆலோசனைக்கு அழைக்கலாம். சீனியர் செய்ய மாட்டேன் என்றால், செய்யக்கூடிய வேறு டாக்டருக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்து அனுப்ப வேண்டியது நம் பொறுப்பு. அழைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: போனை வேறு யாராவது எடுத்தால் எதற்காக அழைத்தீர்கள் என்று சொல்லாதீர்கள். புறநோயாளி பிரிவிலிருந்து பேசுகிறேன், அவரே திரும்பக் கூப்பிடட்டும் என்று மட்டும் சொல்லி வைத்துவிடுங்கள்.